பந்தயக் களமும் கணப்பொழுதின் அறமும்

விரைவை விரும்பாத மனிதர் இலர். தாயின் விரலைப் பற்றி நடை பழகும் குழந்தை, விரல் விடுபட்ட மறுகணமே ஓட முற்படுகிறது. அதன் அருகில் இன்னொரு குழந்தை ஓடத் தொடங்கினால் அங்கே ஒரு பந்தயம் பிறந்துவிடுகிறது. கால்கள் ஓடிய காலம் போய்க் குதிரைகள் ஓடின. குதிரைகள் ஓடிய காலம் போய் எந்திரங்கள் ஓடுகின்றன. ஆயினும் ஓடுபவனின் உள்ளத்தில் நிகழும் வழக்கு ஒன்றே. முந்த வேண்டும் என்கிறது வேட்கை. முந்தலாமா என்று கேட்கிறது அறிவு. தீர்ப்புக் கூறக் கிடைக்கும் காலமோ கண்ணிமைப் பொழுது. அந்தக் கண்ணிமைப் பொழுதின் வரலாற்றைச் சற்றே நோக்குவது இக்கட்டுரையின் கருத்தாகும்.

இலக்கிய மலரில் மோட்டார்ப் பந்தயத்துக்கு என்ன இடம் என்று அன்பர்கள் வினவக்கூடும். வினா தக்கதே. விடையை வள்ளுவரிடமே பெறலாம். பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் நான்கு அதிகாரங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாக வைத்துள்ளார். ஆராய்ந்து இறங்குதல், தன் வலியும் மாற்றான் வலியும் அறிதல், உற்ற காலம் அறிதல், உற்ற இடம் அறிதல் என்னும் இந்நான்கும் அரசனுக்குச் சொல்லப்பட்டவை. ஆனால் முன்னே செல்லும் வண்டியை ஒரு வளைவில் முந்த நினைக்கும் ஓட்டுநனுக்கு வேண்டுவனவும் இந்நான்கே. அரசன் மந்திரச் சுற்றத்தோடு பல நாள் இருந்து எண்ணுவதை, ஓட்டுநன் தனியனாய் ஒரு நொடியில் எண்ணி முடிக்க வேண்டும். வேற்றுமை அவ்வளவே.

தேரும் தெளிவும்

தமிழரின் பழைய பாடல்களில் விரைந்து செல்லும் தேர்கள் பல உண்டு. வினைமேற் சென்ற தலைவன் கார்காலம் வந்ததும் இல்லம் திரும்பத் துடிக்கிறான், பாகனை விரைவுபடுத்துகிறான். முல்லைத்திணைப் பாடல்களில் இது பெருவழக்கு. ஆனால் குறுங்குடி மருதனார் பாடிய அகநானூற்று நான்காம் பாடலில் வரும் தலைவன் தனித்தன்மை உடையவன். பூக்களில் தேனுண்ணும் வண்டுகள் மணியோசை கேட்டு அஞ்சிக் கலையுமே என்று இரங்கித் தன் தேர்மணிகளின் நாவைக் கட்டிவிட்டு அவன் வருகிறான். விரைவும் குறையவில்லை, வழியில் உள்ள சிற்றுயிருக்கு ஊறும் இல்லை. சாலையில் தனக்கு மட்டுமே உரிமை உண்டு என்று எண்ணாத ஓட்டுநன் ஒருவனை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் புலவர் படைத்துக் காட்டியிருக்கிறார்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சியையும் நம் இலக்கியம் மறைக்கவில்லை. திருவாரூர் வீதியில் அரசிளங்குமரனின் தேர்க்காலில் ஓர் ஆன்கன்று அகப்பட்டு இறந்த கதையை யாவரும் அறிவர். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் ஊர்ப் பெருமையைக் கூறும்போது இந்நிகழ்ச்சியைக் குறிக்கிறாள். பெரியபுராணம் அதை விரித்துரைக்கிறது. கன்றுதான் சக்கரங்களுக்கு இடையே புகுந்தது என்று அமைச்சர் எடுத்துரைத்தனர். இன்று நெடுஞ்சாலை விபத்து ஒவ்வொன்றிலும் கேட்கும் அதே வாதம் அது. சோழன் அதை ஏற்கவில்லை. தண்டனையின் கடுமை நம்மை நடுங்கச் செய்கிறது. அதை இக்காலத்துக்குரிய நீதி என்று எவரும் கூறார். ஆனால் தேரைச் செலுத்துபவன் கணப்பொழுதில் நேர்ந்ததற்கும் பொறுப்பாளி என்னும் கொள்கை அங்கே உறுதியாக நிற்கிறது.

ஓமர் பாடிய பந்தயம்

உலக இலக்கியத்தில் ஒரு பந்தயத்தை முதன்முதலாக முழுமையாகப் பாடியவர் கிரேக்கப் புலவர் ஓமர் எனலாம். இலியத் காப்பியத்தின் 23ஆம் காண்டத்தில் பத்ரோக்ளசின் ஈமச் சடங்கை ஒட்டித் தேர்ப்பந்தயம் நடைபெறுகிறது. ஐந்து தேர்கள். இளைஞன் அந்திலோக்கசின் குதிரைகள் மெதுவானவை. அவன் தந்தை நெஸ்தர், முதியவர், மகனை அருகழைத்து அறிவுரை கூறுகிறார். திரும்பு கல்லை நெருங்குகையில் இடப்புறம் சாய்ந்து நில். வலக்குதிரையைத் தட்டி விடு. சக்கரத்தின் குடம் கல்லை உரசுவது போல் தோன்ற வேண்டும், ஆனால் உரசக் கூடாது என்பது அவ்வுரையின் சாரம். வளைவின் உட்புறத்தை அணைந்து செல்லுதல் என்று இன்றைய பந்தயப் பள்ளிகளில் கற்பிக்கும் பாடமும் இதுவே.

ஆனால் மகன் தந்தை சொல்லாத ஒன்றைச் செய்கிறான். மழைவெள்ளம் அரித்துச் சாலை குறுகிய ஓரிடம் வருகிறது. இரு தேர்கள் இணையாகச் செல்ல அங்கே இடமில்லை. முன்னே மெனலாவுஸ் செல்கிறான். அந்திலோக்கஸ் தடம் விலகி, அவன் பக்கத்தில் தன் தேரைப் பாய்ச்சுகிறான். மோதல் நேரும் என்று மெனலாவுஸ் கூவுகிறான். கேளாதவன் போல இளைஞன் மேலும் சாட்டையைச் சுழற்றுகிறான். இருவரும் மடிவதைக் காட்டிலும் தான் பின்தங்குவது மேல் என்று மெனலாவுஸ் கடிவாளத்தை இழுக்கிறான். இளைஞன் முந்துகிறான்.

இங்கே முந்தியவனின் துணிவைப் பார்ப்பதா, விட்டுக்கொடுத்தவனின் தெளிவைப் பார்ப்பதா? முந்தியவன் வென்றது தன் குதிரையின் வலியால் அன்று. எதிரியின் நிதானத்தை நம்பியே அவன் சூதாடினான். மெனலாவுசும் அவனைப் போலவே இருந்திருந்தால் இரு தேர்களும் நொறுங்கியிருக்கும். பந்தயம் முடிந்தபின் மெனலாவுஸ் அவையில் எழுந்து, வஞ்சனை செய்யவில்லை என்று தெய்வத்தின்மேல் ஆணையிடுமாறு கேட்கிறான். இளைஞன் ஆணையிடத் துணியவில்லை. இளமையின் பதற்றத்தைப் பொறுத்தருளுமாறு வேண்டிப் பரிசாகப் பெற்ற குதிரையை நீட்டுகிறான். மூத்தவன் நெஞ்சம் இளகி அக்குதிரையை அவனுக்கே திருப்பித் தருகிறான். குற்றம், விசாரணை, வருத்தம், மன்னிப்பு ஆகிய நான்கும் ஒரே பந்தயத்தில் நிறைவுபெறுகின்றன. பின்வந்த நூற்றாண்டுகளின் பந்தயங்களில் முதல் மூன்றும் மிகுதியாக உண்டு, நான்காவது அரிது.

ஓட்டுநரின் வெறி காண்போருக்கும் தொற்றும் என்பதற்குக் கான்ஸ்டாண்டிநோபிள் நகரமே சான்று. அங்கே தேர்ப்பந்தயக் கட்சிகள் நீலம், பச்சை என நிறத்தால் பிரிந்து நின்றன. கி.பி. 532இல் இக்கட்சியினர் எழுப்பிய கலகம் நகரின் பெரும்பகுதியை எரித்தது. ஏறத்தாழ 30,000 பேர் மாண்டனர் என அக்கால வரலாற்றாசிரியர் எழுதிவைத்தனர். களத்தில் இருப்பவனுக்கு ஒரு நொடியேனும் சிந்திக்கக் கிடைக்கிறது. கூட்டத்துக்கு அதுவும் கிடைப்பதில்லை போலும்.

நம் மாவட்டத்துக் காளைகள்

இவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டா. திருப்பதிக்கு அண்மையில், சந்திரகிரி வட்டாரத்து ரங்கம்பேட்டையில், சங்கராந்தியை ஒட்டி நடைபெறும் காளை விழாவை நம்மில் பலர் கண்டிருப்போம். காளைகளின் கொம்புகளில் அலங்கரித்த பலகைகளைக் கட்டி, மக்கள் இருபுறமும் நெருங்கி நிற்கும் வழியில் ஓடவிடுவர். ஓடிவரும் காளையை எதிர்கொண்டு அப்பலகையைக் கைப்பற்றுவதே வீரம். 1911இல் வடஆர்க்காடு, கடப்பை முதலிய மாவட்டப் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது சித்தூர் அதனுடன் சேர்ந்தது; 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது; 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைக் கோடுகள் இவ்வாறு பலமுறை மாறின. காளைகளோ எந்தக் கோட்டையும் மதியாமல் இருமொழி மக்களுக்கும் பொதுவாக ஓடிக்கொண்டே இருந்தன. கலித்தொகையின் முல்லைக்கலி காட்டும் ஏறுதழுவலின் உறவினர் இவ்விழா என்று கூறுவது தவறாகாது.

இங்கும் கருவி கணப்பொழுதே. காளை தலையைத் தாழ்த்தும் திசையை அறிந்து விலகுபவன் பலகையோடு திரும்புகிறான். அறியாதவன் மருத்துவமனைக்குச் செல்கிறான். காளையை வெறுப்பவன் அதைப் படிக்க முடியாது. சினம் கண்ணை மறைக்கும். கண் மறைந்தவனுக்குக் கொம்பு தெரியாது. இக்கருத்தை நினைவில் இருத்திக்கொண்டு எந்திரங்களின் காலத்துக்கு வருவோம்.

சோழவரம் முதல் இருங்காட்டுக்கோட்டை வரை

சென்னைக்கு வடக்கே, கல்கத்தா செல்லும் பெருஞ்சாலையின் அருகே உள்ளது சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமான ஓடுதளம் ஒன்று அமைக்கப்பட்டது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, காங்கிரீட்டுத் தளம் எஞ்சியது. 1953இல் சென்னை மோட்டார் விளையாட்டுச் சங்கம் தோன்றியது. அதை நிறுவியவர்களுள் இந்து சந்தோக் குறிப்பிடத்தக்கவர். அதன் பின்னர்ப் பல பத்தாண்டுகள் சோழவரம் என்றாலே தென்னாட்டு இளைஞருக்குப் பந்தயம் என்றே பொருள்பட்டது. போருக்கென இட்ட தளம் விளையாட்டுக்குப் பயன்பட்டது ஒருவகையில் நற்பேறே.

கோண்டல் அரச குடும்பத்தார், விஜய் மல்லையா போன்ற செல்வர்கள் அயல்நாட்டுப் பந்தயக் கார்களை அங்கே ஓட்டினர். அதே களத்தில், உள்நாட்டு எந்திரங்களைத் தம் கையால் திருத்தி, எடை குறைத்து, வேகம் கூட்டி ஓட்டியோரும் இருந்தனர். கோவையின் கரிவரதன் அவ்வகையினருள் தலையாயவர். மாருதி எந்திரத்தைக் கொண்டு ஒருவர் மட்டும் அமரும் பந்தயக் காரை வடிவமைத்து, செல்வர் விளையாட்டை நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் எட்டிப் பார்க்கும் உயரத்துக்கு அவர் இறக்கிவைத்தார். 1995இல் விமான விபத்தொன்றில் அவர் மறைந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையத்துப் பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1990இல் சங்கத்தின் பந்தயங்கள் திருப்பெரும்புதூருக்கு அருகில் உள்ள இருங்காட்டுக்கோட்டையின் நிலையான தடத்துக்கு மாறின. ஏறத்தாழ 3.7 கிலோமீட்டர் நீளமுள்ள தடம் அது. நேர்க்கோட்டு ஓடுதளத்தில் வலிமையே பெரிதாயிருந்தது. வளைவுகள் நிறைந்த தடத்தில் மதிநுட்பத்துக்கு இடம் கூடியது. குதிரைப் பந்தயம் திறமையின் பாற்பட்டதே என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. திறமையும் நற்பேறும் எங்கே பிரிகின்றன என்னும் வினா நீதிபதிகளையும் விட்டுவைக்கவில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

ஆனால் புகழின் பக்கத்திலேயே துயரமும் நிற்கிறது. 2023 ஜனவரியில் அனுபவம் முதிர்ந்த கார் ஓட்டுநர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் 13 வயதே ஆன மோட்டார் சைக்கிள் வீரன் ஒருவனும் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் விபத்துக்குள்ளாகி உயிர்நீத்தனர். ஒருவர் நெடுங்காலம் பயின்றவர், மற்றவன் இளந்தளிர். பயிற்சியும் பாதுகாப்பும் இருந்த இடத்திலேயே நொடி இவ்வளவு கொடியதாயின், அவை இல்லாத பொதுச் சாலையில் அது எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நொடியின் கணக்கு

எண்ணிப் பார்ப்பதற்குச் சிறிது கணக்கு உதவும். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 83 மீட்டர் கடக்கும். கண் கண்டதை மூளை அறிந்து, கையோ காலோ அசையத் தொடங்குவதற்கு ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகும். அதற்குள் கார் 17 மீட்டர் சென்றுவிடும். எத்துணைப் பயின்றவரும் இவ்விடைவெளியை ஓர் அளவுக்குமேல் குறைத்தல் இயலாது. ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கி ஒலித்து ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு கழிவதற்குள் புறப்பட்டவனைத் தவறான புறப்பாடு என்று விலக்குகிறார்கள். அவ்வளவு விரைவில் ஒலி கேட்டுப் புறப்பட மனித உடலால் ஆகாது. அவன் ஊகித்தே புறப்பட்டிருக்க வேண்டும் என்பது அவ்விதியின் அடிப்படை.

அங்ஙனமாயின் சிறந்த ஓட்டுநர் எதனால் சிறந்தவர் ஆகிறார்? அவர் மற்றவரினும் விரைவாக அதிர்ந்தெழுபவர் அல்லர். முன்கூட்டியே கண்டு வைத்திருப்பவர். அவர் பார்வை முன்னே செல்லும் வண்டியின் பின்புறத்தில் ஒட்டிக்கொள்வதில்லை. வளைவின் முடிவையும், அதற்கு அப்பாலும் நோக்குகிறது. எதிரி எங்கே தடையை அழுத்துவான், எங்கே தளர்வான் என்பதைச் சுற்றுக்குச் சுற்று மனத்தில் எழுதிக்கொள்கிறது. இடைவெளி திறக்கும் நொடியில் அவர் புதிதாக முடிவு செய்வதில்லை; முன்னரே செய்த முடிவை நிறைவேற்றுகிறார். கணப்பொழுதின் தீர்ப்பு என்று நாம் வியப்பது உண்மையில் பல்லாண்டுப் பயிற்சியின் தீர்ப்பு.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் சைக்கிளில் செல்லும் நம் வீட்டுப் பிள்ளை ஒரு நொடியில் கடப்பதும் ஏறத்தாழ 17 மீட்டரே. கைப்பேசியை அவன் இரண்டு நொடி நோக்கினால் 33 மீட்டர் தொலைவைக் கண்ணை மூடிக்கொண்டு கடந்தவன் ஆகிறான். பந்தய வீரன் பயிற்சியால் சேமிக்கும் நொடியை இவன் விளையாட்டாகச் செலவிடுகிறான்.

சுசூக்காவில் இருமுறை

முந்தும் வேட்கை எல்லை கடந்ததற்கு உலகம் நினைவில் வைத்திருக்கும் சான்று ஜப்பானின் சுசூக்கா தடத்தில் நிகழ்ந்தது. பிரெஞ்சு வீரர் ஆலன் பிராஸ்ட், பிரேசில் வீரர் அயர்ட்டன் சென்னா ஆகிய இருவரும் 1989இல் ஒரே நிறுவனத்தின் கார்களை ஓட்டினர்; ஒருவரையொருவர் பகைத்தனர். அவ்வாண்டு அக்டோபர் 22ஆம் நாள், 53 சுற்றுப் பந்தயத்தின் 46ஆம் சுற்றில், குறுகிய வளைவொன்றில் சென்னா உட்புறம் பாய்ந்தார். பிராஸ்ட் வழிவிடவில்லை. இரு கார்களும் பின்னிக்கொண்டு நின்றன. பிராஸ்ட் இறங்கிவிட்டார். சென்னா மீண்டும் புறப்பட்டு முதலாவதாக முடித்தும் தகுதி நீக்கம் பெற்றார். பட்டம் பிராஸ்டுக்குச் சென்றது.

மறு ஆண்டு அக்டோபர் 21. அதே தடம், அதே இருவர். புறப்பட்ட முதல் வளைவிலேயே சென்னாவின் கார் பிராஸ்டின் காரை மோதித் தள்ளியது. இருவரும் களத்தைவிட்டு அகன்றனர். புள்ளிக் கணக்கின்படி பட்டம் சென்னாவுக்கு வந்தது. அந்த முதல் வளைவில் தாம் விட்டுக்கொடுப்பதில்லை என்று முன்னரே துணிந்திருந்ததை அவரே 1991இல் வெளிப்படையாகக் கூறினார்.

இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுதல் பிழை. முதலாவது, கணப்பொழுதில் இருவர் கணக்கும் பொய்த்த நிகழ்ச்சி. இரண்டாவது, ஓராண்டுச் சினம் கணப்பொழுதின் உருவில் வந்த நிகழ்ச்சி. வெளித்தோற்றத்தில் இரண்டும் மோதலே. முன்னதில் அறிவு தவறியது. பின்னதில் அறிவுக்கு அழைப்பே அனுப்பப்படவில்லை. வெகுளாமையைத் துறவறத்தார்க்கு உரைத்த வள்ளுவர் பந்தய வீரரையும் மனத்திற் கொண்டிருந்தாரோ என்று எண்ணத் தோன்றுகிறது. சென்னா 1994 மே 1ஆம் நாள் இத்தாலியின் இமோலா தடத்தில் விபத்தில் மாண்டார். அவரது சவப்பெட்டியைச் சுமந்தவர்களுள் பிராஸ்டும் ஒருவர். ஓமரின் காப்பியத்தில் பந்தயத்தின் முடிவிலேயே வந்த மன்னிப்பு, இங்கே இத்துணைக் காலம் கடந்து வந்தது.

கோவை வீரரும் மலேசிய மழையும்

நம்மவர் கதைக்கு வருவோம். கோவை நாராயண் கார்த்திகேயன் 2005இல் ஜோர்டன் அணியின் சார்பில் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர். தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் பெயர்பெற்ற ராலி வீரர். அவ்வாண்டு ஜூன் 19ஆம் நாள் அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் வியத்தகு நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. ஒரு நிறுவனத்தின் சக்கர டயர்கள் அத்தடத்தின் சாய்ந்த வளைவைத் தாங்கமாட்டா என்று தெரியவந்தது. அவற்றைப் பூட்டிய 14 கார்களும் முன்னோட்டச் சுற்று முடிந்ததும் பந்தயத்தில் சேராமல் திரும்பிவிட்டன. எஞ்சிய ஆறே கார்கள் ஓடின. நாராயண் நான்காவதாக முடித்து ஐந்து புள்ளிகள் பெற்றார். ஃபார்முலா ஒன்னில் இந்தியர் ஒருவர் பெற்ற முதற் புள்ளிகள் அவை. காண வந்த மக்கள் சினந்து கூவினர். ஆனால் வெல்லப் பிறந்தவர்களாகத் தம்மை எண்ணும் 14 வீரர்கள் ஒதுங்கி நின்றது பந்தய வரலாற்றில் பதியத்தக்க செய்தி. இறங்காமையும் ஒரு தீர்ப்பே.

2012 மார்ச் 25 அன்று மலேசியாவில் மழை பெய்தது. நாராயண் அப்போது மிகவும் மெதுவான காரொன்றை ஓட்டினார். முன்னாள் உலக வீரர் ஜென்சன் பட்டன் அவர்மேல் மோதித் தம் முன்சிறகை இழந்தார். பிழை தம்முடையதே என்று பின்னர் ஒப்பினார். பந்தயத்தின் பிற்பகுதியில், அப்போதைய உலக வீரர் செபாஸ்டியன் வெட்டல் ஒரு சுற்று முன்னதாக இருந்து நாராயணைக் கடந்தார். கடந்து உள்ளே திரும்புகையில் அவரது பின்சக்கரம் நாராயணின் முன்சிறகில் பட்டுக் கிழிந்தது. நான்காம் இடத்தில் இருந்தவர் பதினொன்றாம் இடத்துக்கு வீழ்ந்தார். சினத்தில் கடுஞ்சொல் கூறினார். நடுவர்கள் நாராயணுக்கு 20 நொடித் தண்டம் விதித்தனர். நாராயணோ, தாம் ஒதுங்கி வழிவிட்டதாகவே கூறினார்.

இவ்வழக்கில் நமக்குப் பாடம் உண்டு. ஒரே நாளில் இருமுறை மோதல். ஒருவர் தம் பிழையை உடனே ஏற்றார், மற்றவர் வசைமொழிந்தார். ஈரத்தடத்தில், நீர்த்திவலையின் ஊடே, பின்னால் வருபவர் எங்கே இருக்கிறார் என்று கண்ணாடியில் தேடும் மெதுவான ஓட்டுநருக்கும் ஒரு நொடிதான் இருந்தது. முந்திச் சென்றவருக்கும் அதே ஒரு நொடிதான் இருந்தது. பல கோணப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல நடுவர்க்கு மட்டுமே நேரம் கிடைக்கிறது. வல்லவன் பக்கமே இயல்பாகச் சாயும் உலகத்தின் சொல்லைக் கேட்டு, நம்மவன் தலைகுனிந்தான் என்று நாம் அன்று எளிதில் முடிவு கட்டியிருத்தல் கூடாது. நம்மவன் என்பதாலேயே அவன் பக்கம் பிழையில்லை என்று வாதிடுதலும் தகாது. இருபுறமும் நோக்கல் நமக்கும் கடமையாகும்.

முரட்டுத்தனத்துக்கு எல்லை வகுக்க விதிகளும் வளர்ந்தன. பின்வருபவரைத் தடுக்க ஒருமுறைக்குமேல் திசை மாறலாகாது; பக்கத்தில் இணையாக வந்தவருக்கு ஒரு காரின் அகலம் இடம் விட வேண்டும் என விதித்தனர். 2014 முதல் குற்றப் புள்ளிகள் எழுதப்படுகின்றன. 12 மாதத்தில் 12 புள்ளி சேர்ந்தவர் ஒரு பந்தயம் விலகி நிற்க வேண்டும். 2024இல் டென்மார்க்கு வீரர் கெவின் மேக்னசன் அவ்வாறு விலக்கப்பட்ட முதல்வர் ஆனார். மோட்டார் விளையாட்டுச் சங்கத்தை நிறுவிய இந்து சந்தோக்கின் பேரர் கருண் சந்தோக்கும் 2010இல் ஃபார்முலா ஒன் களம் கண்டார். சோழவரத்து ஓடுதளத்தில் விதைத்தது இரண்டு தலைமுறைக்குப் பின் அயல்நாட்டில் விளைந்தது என்று பெருமை கொள்ளலாம்.

முந்தினால் குற்றமாகும் சாலை

இறுதியாக நம் கண்ணெதிரே உள்ள ஒரு சாலையைக் கூறி அமைவோம். திருமலைக்கு 1944இல் முதல் மலைச்சாலை திறக்கப்பட்டது. 1974இல் இரண்டாவது சாலை வந்தது. பழைய சாலை இறங்குவதற்கும் புதிய சாலை ஏறுவதற்கும் என ஆயிற்று. விபத்துகளைக் கண்ட தேவஸ்தானத்தார் அங்கே ஒரு விதி வகுத்தனர். ஏறுவதற்குக் குறைந்தது 28 நிமிடம். இறங்குவதற்குக் குறைந்தது 40 நிமிடம். அதற்கு முன்பாக முடித்தவர் குற்றவாளி. உலகெங்கும் பந்தயங்களில் முந்தி வந்தவனுக்குப் பரிசு. நம் மலையில் முந்தி வந்தவனுக்குத் தண்டம். ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதற்கு மிகுதியான நேரம் விதித்ததில் ஆழ்ந்த அறிவு உள்ளது. ஏறும்போது மலையே வண்டியை அடக்குகிறது. இறங்கும்போது ஓட்டுநன்தான் தன்னை அடக்கிக்கொள்ள வேண்டும்.

பிழைப்பு நாடியும் அலுவல் நிமித்தமாகவும் இப்பகுதிக்கு வந்து வாழும் தமிழ்க் குடும்பங்கள் நாம். அரிதின் ஈட்டிய பணத்தில், தேர்வில் வென்ற மகனுக்குப் பரிசாக முதலில் நாம் வாங்கித் தருவது மோட்டார் சைக்கிளே. சித்தூர்ச் சாலையிலும் சென்னைச் சாலையிலும் அவன் செல்லும்போது, பக்கத்தில் இன்னொருவன் எந்திரத்தை உறுமவிட்டு முந்தினால் அவன் உள்ளத்தில் அந்திலோக்கஸ் எழுகிறான். அது இயற்கை, இளமைக்கு அழகும்கூட. ஆனால் பொதுச் சாலையில் கொடி அசைப்பாரும் இலர், நடுவரும் இலர், எதிரே வருபவர் பந்தயத்துக்கு ஒப்புக்கொண்டவரும் அல்லர். பள்ளிவிட்டு வரும் சிறுமியும், பால் குடத்தோடு செல்லும் முதியவரும் அங்கே உண்டு.

வேகத்தில் விருப்பமுள்ள பிள்ளையை அடக்கிவைத்தல் ஆகாது. பயிற்சி உள்ள களத்துக்கு, தலைக்கவசமும் ஆசானும் உள்ள இடத்துக்கு அனுப்பலாம். வலியும் காலமும் இடமும் அறியும் கல்வியை அவன் அங்கே கற்பான். நெஸ்தர் தம் மகனுக்குச் சொன்னது போல் நாமும் அருகழைத்துச் சொல்லலாம்: கல்லை நெருங்கு, உரசாதே என்று. அவர் சொல்ல மறந்ததையும் சேர்த்துச் சொல்லுதல் நன்று. வழி குறுகிய இடத்தில் பின்தங்குபவன் தோற்றவன் அல்லன். இருவர் உயிரையும் காத்தவன் அவனே. முந்துவதற்கு உரிய நொடி மீண்டும் வரும். வீட்டு வாயிலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருக்கும் தாய்க்கு, அவன் எத்தனையாவதாக வந்தான் என்பது பொருட்டன்று. வந்து சேர்ந்தான் என்பதே வெற்றி.